தாலிக்கயிற்றில் ஐந்து ஊக்குகள்

என் மனைவியின் தாலிக்கயிற்றில் எப்போதும் ஐந்தாறு ஊக்குகள் தொங்கும். புடவை மடிப்புக்கு ஒன்று, பிள்ளையின் ஸ்கூல் பை வார் அறுந்தால் ஒன்று, காலில் முள் ஏறினால் எடுக்க ஒன்று. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "கழுத்துல தாலி கட்டினேனா, ஊக்குக் கடை வெச்சுக் குடுத்தேனா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கத்துவேன். "கடைக்கு மொத ஆளே நீங்கதானங்க" என்று சிரிப்பாள்.

உண்மைதான். அன்று காலையில்கூட என் சட்டைப் பித்தான் தெறித்துப்போக, கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நெஞ்சில் குத்திவிட்டாள். மீதி ஐந்து. "கயிறு நைஞ்சுபோச்சுங்க, மாத்தணும்" என்றாள். "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம், கெளம்பு" என்று விரட்டினேன்.

மாசி மகத்துக்கு மறுநாள் அது. எனக்குக் கூட்டம் என்றால் ஆகாது. அதனால் எல்லோரும் முழுகிவிட்டுப் போன பிறகு மணிமுத்தாற்றுக்குப் போனோம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய அண்ணனும், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட செல்போனோடு கூட வந்தார். முழங்கால் அளவுதான் தண்ணீர். மூன்று முழுக்குப் போட்டு எழுந்தவள் கழுத்தைத் தடவினாள். கயிறு அறுந்து தாலியோடு ஆற்றுக்குள் போய்விட்டது.

கையால் துழாவினோம். சேறுதான் வந்தது. "இருங்க மாப்ள, நம்மகிட்ட மெஷின் இருக்குது" என்று மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். சிங்கப்பூரில் கடற்கரை மணலில் அதை வைத்து நகை தேடுவார்களாம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தார். நீளமான கம்பு, அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டம். தண்ணீருக்குள் விட்டாலும் வேலை செய்யும். கீழே உலோகம் இருந்தால் கீய்ங் என்று கத்தும்.

கத்தியது. தோண்டினேன், நாலணா. மறுபடியும் கத்தியது, சோடா மூடி. அடக் கடவுளே, ஊரே வந்து காசு போட்டுவிட்டுப் போன ஆற்றில் அது கத்தாத இடம் ஏது? "மெதுவா ஆட்டுங்க மாப்ள, அது என்ன வெளக்குமாறா?" என்றார் மச்சான். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் மெஷினையும் சேர்த்தே ஆற்றில் விட்டிருப்பேன்.

அவள் படியில் ஈரப்புடவையோடு உட்கார்ந்து, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். "தாலி போனா போவுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று ஒருமுறை சொன்னாள். மத்தியானம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை என்று சொன்ன என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வட்டத்தில் பாசி சுற்றிக்கொண்டது. அதை எடுக்கலாம் என்று தூக்கி மார்போடு அணைத்தேன். கீய்ங் என்று கத்தியது. "சனியனே, என்கிட்ட என்ன இருக்குது?" என்று திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். சட்டையில் அவள் குத்திவிட்ட ஊக்கு.

அதைப் பிடித்தபடி நின்றேன். ஊக்கு இரும்பு. தாலியோடு ஐந்து ஊக்குகள் கிடக்கின்றன.

எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. கரைத்த களிமண் கூழை அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் அதற்குள் காந்தக்கட்டையை விட்டு இழுப்பேன். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு துளி தப்பினாலும் சூளையில் வெந்த கப்பில் கறுப்புப் புள்ளி விழும். தினமும் செய்கிற வேலை, அதுவரை புத்தியில் படவில்லை பாருங்கள். கம்பெனிக்கு ஓடிப்போய் மேஸ்திரியிடம் கேட்டுக் காந்தத்தை வாங்கி வந்தேன்.

அவள் முழுகிய இடத்திலிருந்து கூழில் இழுப்பதைப் போலவே சேற்றுக்குள் மெதுவாக இழுத்தேன். முதல் தடவை காசும் சோடா மூடியும் கொத்தாக வந்தன. வழித்துப் போட்டேன். இரண்டாவது தடவை ஆணிகள். ஐந்தாவதோ ஆறாவதோ இழுப்பில் ஐந்து ஊக்குகளும் காந்தத்தில் ஒட்டியிருந்தன. கீழே அறுந்த கயிற்றில் சேறு வழிய தாலி ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் விசிலடித்தார். நான் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

மச்சான் கோயில் கடையில் புதுக் கயிறு வாங்கி வந்தார். தாலியைக் கோத்து, ஐந்து ஊக்குகளையும் மாட்டினேன். என் சட்டையிலிருந்ததையும் கழற்றி அவற்றோடு சேர்த்தேன். "இனிமே ஊக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன், தெரியுதா?" என்று சொல்லி, படியிலேயே அவள் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன்.

அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பிடி நெஞ்சைத் தொறந்துபோட்டுக்கிட்டா வூட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டபடியே, கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் சட்டையில் குத்தினாள்.