வாப்பா அனுப்பிய வயர்லெஸ் கார்டு

அந்தக் கார்டில் சவர்க்கார மணம் அடித்தது. வாப்பா வேலைசெய்த கட்டாரிலிருந்து வந்த பெட்டியில் இரண்டு துவாய்களுக்கு நடுவே, சவர்க்காரக் கட்டிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்திருந்ததால், வெள்ளிநிறப் பையைக் கிழித்து, கொம்பியூட்டருக்குள் பொருத்தி, திருகாணியை இறுக்கிய பிறகும் பல நாட்களாக மேசையடியில் குனிந்தால் குளியலறை வாசம்தான் வந்தது. கைக்குள் அடங்கும் பச்சைத் தகடு. அதன் பின்னால் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு அன்டெனா. வயர் இல்லாமல் இன்டர்நெட் எடுக்கும் சாமான் என்று எங்கள் சாய்ந்தமருதுத் தெருவில் அன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தால் அதை வாங்கி அனுப்புவதாக வாப்பா டெலிபோனில் வாக்குக் கொடுத்திருந்தார். நான் எடுத்தேன். அவரும் அனுப்பினார். சொன்ன சொல்லை வாப்பா மாற்றமாட்டார் என்று உம்மா அந்தப் பெட்டியை ஊர் முழுக்கக் காட்டாத குறையாகச் சொல்லித் திரிந்தா.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் உம்மாவின் வீடும் உம்மாவின் மூத்த சகோதரியான பெரியம்மாவின் வீடும் ஒரே 'வளவு'க்குள் இருந்தன; நடுவில் மதிலும் இல்லை, வேலியும் இல்லை. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறையான ரிஸ்வான் நானா, கொழும்பில் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவர். அவருடைய முன்னறையில் டெலிபோன் வயரோடு ஒரு ரவுட்டர் இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு மேசைக்கு இருபது எட்டு வைத்தால் போதும். பாஸ்வேர்டைக் கேட்டதும் யோசிக்காமல் ஒரு தாளில் எழுதித் தந்தார். மருத்துவர், சட்டத்தரணி என்று மற்றவர்கள் கனவு கண்ட வயதில், அடுத்து வரும் உயர்தர வகுப்பான ஏ.எல்லில் கணிதப் பிரிவு எடுத்து நானாவைப்போலக் கொம்பியூட்டர் படிப்பதே என் ஒரே ஆசையாக இருந்தது. அந்தக் கார்டை யாருடைய உதவியும் இல்லாமல் நானே வேலைசெய்ய வைத்துவிட்டால் அந்தப் படிப்புக்குரிய மூளை எனக்கு இருக்கிறது என்று எனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் விளங்க வைக்க வேண்டும். அன்றைய கொம்பியூட்டருக்குப் புதிதாக ஒரு சாமானைப் பொருத்தினால் அதனோடு பேசத் தெரியாது. நடுவில் நின்று பேசிக்கொடுக்க 'ட்ரைவர்' என்றொரு மென்பொருள் வேண்டும். பெட்டியோடு வந்த சீடியைப் போட்டேன். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து நின்றது. எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் அது போகவில்லை. மூன்றாவது வாரம் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், பெட்டியில் ஒரே பெயரை அச்சிட்டுவிட்டு உள்ளே வேறு சில்லு வைத்து விற்றிருக்கிறார்கள் என்பது பிடிபட்டது. சீடியில் இருந்தது பழைய சில்லுக்குரிய ட்ரைவர்.

சரியான ட்ரைவர் எடுக்கக் கல்முனை பசாரில் இருந்த நெட் கபேக்குப் போகவேண்டும். தனியாக விடமாட்டார்கள் என்பதால் உம்மாவும் அபாயாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கூடவே வந்தா. நான் இறக்கி முடிக்கும்வரை பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தா. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

மூன்றாவது தடவை கொண்டுவந்த ட்ரைவரில் மஞ்சள் குறி போய்விட்டது. திரையின் மூலையில் நானாவின் ரவுட்டர் பெயர், பக்கத்தில் ஐந்து பச்சைக் கோடுகள். ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவ நிமிராமலே "அல்ஹம்துலில்லாஹ்" என்றா.

ஆனால் பாஸ்வேர்டைக் கொடுத்ததும் 'இணைக்கிறேன், இணைக்கிறேன்' என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் முடியாது என்று கைவிரித்தது. மறுபடியும் கொடுத்தேன். அழித்துவிட்டுப் பழைய ட்ரைவர், புதிய ட்ரைவர், அதற்கு அடுத்தது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். அன்டெனாவைத் திருப்பினேன். கார்டை வேறு துளையில் மாட்டினேன். நானாவிடம் கேட்டால், "இன்னும் சரிவரல்லியா? ட்ரைவர்தான் பிழை போல. வேற வேர்ஷன் போட்டுப் பாரு" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பா அழைப்பார். "சரிவந்துட்டா மகள்? அல்லாஹ் நாடினா சரிவரும், அவசரப்படாத" என்பார். உம்மா பிளேன்டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் சரிவரல்லியா மகள்?" என்று கேட்பா. அவ்வளவு இரக்கத்தோடு கேட்பா.

ஏ.எல். வகுப்புக்கு விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தபோது நாலு மாதம் கழிந்திருந்தது. ஒரு கொப்பி நிறைய என் தோல்விகளை எழுதி வைத்திருந்தேன். இந்தச் சின்னத் தகட்டையே மடக்க முடியாதவள் எதைப் படித்துக் கிழிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். கலைப் பிரிவு என்று எழுதினேன். உம்மா சந்தோஷப்பட்டா, டீச்சராகலாம் என்றா.

முதலாம் தவணை முடிந்து சில நாட்களில் நானா வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனார். அந்தக் கிழமையே பெரியம்மா வீட்டில் நெட் நின்றுவிட்டது. நானா விட்டுப்போன துண்டுத் தாள் ஒன்றைப் பெரியம்மா தந்து பார்க்கச் சொன்னா. அதில் ரவுட்டருக்குள் நுழையும் இரகசியச் சொல் இருந்தது. உள்ளே போய் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தில், இந்தக் கார்டுகளுக்கு இடம் கொடுக்காதே என்றொரு பட்டியல். பட்டியலில் ஒரேயொரு இலக்கம்.

ஒவ்வொரு கார்டின் முதுகிலும் அதற்கு மட்டுமே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு குறிகளாலான இலக்கம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். என்னுடையதை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பட்டியலில் இருந்தது அதுதான்.

பெரியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. இது என்ன என்று கேட்டேன். ஒளிக்கத் தெரியாத மனுசி. "அவன் வேணுமெண்டு செய்யல்ல புள்ள. ஒங்கும்மா வந்து அழுதா, வயசுப் புள்ளக்கி நெட்டக் குடுத்தா என்னென்னத்தப் பாக்குமோ எண்டு. ஒன்ட வாப்பாவும் கோல் எடுத்துச் சொன்னாரு. அதுக்குப் பொறகுதான் பூட்டின" என்றா.

அந்த வரியை அழித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டாவது மாதத்தில் நான் போட்டிருந்த அதே ட்ரைவரைத் திரும்பப் போட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் இணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, சந்தோஷம் மட்டும் வரவில்லை.

உம்மாவிடம் கேட்டேன். "வேணாமெண்டு சொன்னா நீ அழுவாய். அதப் பாக்க ஏலாமத்தான் மகள்" என்றா. சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், சோறு வேண்டாம் என்றிருப்பேன், முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை வாப்பாவிடம் கேட்டேன். "நான் வாக்க முறிக்கல்ல மகள். கார்ட அனுப்பினன்தானே" என்றார். ரிசீவரை உம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

பாடப் பிரிவை மாற்றித் தரும்படி பாடசாலை அதிபரிடம் போய் நின்றேன். ஒரு தவணைப் பாடம் போய்விட்டது, இனி ஏலாது என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் உண்மையைச் சொன்னார்.

இப்போது நான் அட்டாளைச்சேனையில் புவியியல் படிப்பிக்கிறேன். வாப்பா ஊரோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் நாலு போனும் வாசலில் கால் வைத்ததும் தாமாகவே நெட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ட்ரைவர் என்றால் என் பிள்ளைகள் ஆட்டோக்காரரைத்தான் நினைப்பார்கள். உம்மா கட்டிலில் சாய்ந்தபடி போனில் மார்க்க பயான் பார்க்கிறா. அவவின் நல்ல மனசில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, வாப்பாவின் பயமும் விளங்குகிறது. நான் படிக்கக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் வகுப்பில் புரொஜெக்டர் வேலைசெய்யாவிட்டால், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்குமுன் நான் எதைப் பிழையாகத் தொட்டேன் என்றுதான் இன்னமும் தேடுகிறேன். அந்த நாலு மாதமும் என் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பெரியம்மாவை விட்டால், அது தெரிந்திருந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். மூன்று பேரும், இன்னும் சரிவரவில்லையா என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.