நானோ சொட்டும் நான் போட்ட சண்டையும்

சபையாரே, நான் இன்னும் கோபத்தோடுதான் இங்கே நிற்கிறேன். அதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது பொய்யாகிவிடும்.

என் பெயர் ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் மோசஸ் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன தவக்காலத்தில் அவர் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். அவருக்குப் பயம். "வாய அறுத்துட்டா எப்படி பேசுவேன், எப்படி சாப்டுவேன்?" என்று அழுதார்.

அப்போதுதான் நம்மோடு பாட்டுப் பாடும் ஒரு சகோதரர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பாட்டில். "நானோ மருந்துமா. உள்ள போயி ஆக்சிஜன வெச்சே கட்டிய எரிச்சிடும். கத்தியே வேணாம், விசுவாசம் போதும்."

என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் போகவில்லை. அவரிடமே காசு கொடுத்து வாங்கி ஆறு வாரம் சொட்டு குடித்தார். புண் பெரிதானது. வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சினார். கேட்டால், "உன் விசுவாசம் பத்தலமா" என்று என்னையே குறை சொன்னார் அந்தச் சகோதரர்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். துதி இல்லை, நன்றி இல்லை. "இது உம்ம மருந்தா, இல்லையா? எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டுப் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள் பக்கத்து வீட்டு ஷாஹினா. சென்னையில் ஆராய்ச்சி செய்கிற பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். பாட்டிலைக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"அக்கா, நான் பண்ற ஆராய்ச்சியே இதுதான். நானோன்னா கண்ணுக்குத் தெரியாத துகள். கட்டிக்குள்ள போயி ஆக்சிஜன்லேர்ந்து விஷம் மாதிரி ஒண்ண உண்டாக்கும். அதுல புற்று செல்லு செத்துடும். வேல முடிஞ்சா துகள் உடம்புலயே கரைஞ்சிடும். ஆனா எங்க லேப்ல இன்னும் எலிக்குதான் குடுத்துக்கினு இருக்கோம். இந்த பாட்டில்ல கம்பெனி பேரு கூட இல்ல. ஏமாத்திட்டாங்கக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்."

வந்தாள். டாக்டர் திட்டினார், திட்டிக்கொண்டே சீக்கிரம் நாள் கொடுத்தார். தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே போயிருந்தால் அது தப்பியிருக்கும். அந்த ஆறு வாரத்தை யார் திருப்பித் தருவார்?

கதிர்வீச்சும் முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் நோய் இல்லை என்றார்கள். இதோ, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் பேசுகிறார். நான் மரியாதையாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் பதில் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

பாட்டில் விற்றவரை மன்னிக்கச் சொல்கிறீர்கள். அதற்காகவும் ஜெபிக்கிறேன்; இன்னும் மனசு வரவில்லை. ஆனால் இனி யார் வீட்டுக்கும் அந்தப் பாட்டில் போக விடமாட்டேன்.

உங்களில் யாருக்காவது ஆறாத புண் இருந்தால், கட்டி இருந்தால், என்னிடம் வாருங்கள். சேர்ந்து முழங்கால் போடுவோம். கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். எழுந்ததும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவோம்.