மொட்டை அடிக்கக் கொடுத்த மாத்திரை

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவாள். அவற்றில் அதிகம் வருவது "வேணாம்". தலையில் சீப்பு பட்டால் வேணாம். மிக்சி ஓடினால் வேணாம். சொல்லியும் நாம் நிறுத்தவில்லையென்றால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அதற்கும் மசியாவிட்டால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். அரியலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், அவள் தலை எட்டும் உயரத்துக்கு எல்லாச் சுவரிலும் பழைய மெத்தைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "இது என்னாத்துக்குங்க?" என்பார்கள். "அழகுக்குங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

மாத்திரைப் பேச்சை எடுத்தது பெரம்பலூரில் நாங்கள் காட்டும் டாக்டரம்மா. அவரும் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. பல்வலியா, மலச்சிக்கலா, காதில் சீழா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கும் பயிற்சிக்கு ஆறு மாதம் அனுப்பினார். ஒருநாள் நெற்றி பிளந்து தையல் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது ஆட்டிசத்துக்கு மருந்து இல்லம்மா. தன்னையே அடிச்சுக்கிறது, கடிச்சுக்கிறது கொறையும், அவ்வளவுதான். பசி கூடும், எடை ஏறும், தூக்கம் வரும். குடுக்கலாம், குடுக்காமலும் பாக்கலாம். ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. ஆனா குடுத்தா நான் சொல்ற அளவுதான். நீங்களா கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கூடிப்போனா கழுத்து, கண்ணெல்லாம் இழுத்துக்கும்."

என் வீட்டுக்காரர் சிமென்ட் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. கேட்டதும் குதித்தார். "எம்புள்ளைய மயக்கி மூலையில உக்கார வெக்கப் பாக்குறியா?"

"மத்த ஆறு நாளும் நீங்க இருந்து பாருங்க. அப்பறம் பேசுங்க" என்றேன். அவர் பேசாமல் எழுந்துபோனார். அதையே சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் அரை மாத்திரை. இரண்டாம் மாதம் மணிக்கட்டுப் புண் காய்ந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் நூல் நூலாக உருவிக்கொண்டிருப்பாள். நடுவில் எழுந்து ஓடாமல் ஒரு ரவிக்கையை முழுசாகத் தைத்து முடித்த நாளில் நான் அழுதே விட்டேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள், குண்டானாள். சொந்தக்காரர்கள் "உடம்பு தேறிட்டா" என்று சந்தோஷப்பட்டார்கள். மாத்திரை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியத்துக்குக் கொடுப்பது என்று ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிடும். சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தேன்.

அப்போதுதான் என் அண்ணன் வந்தான். பிறந்த வீடு குன்னம் பக்கம். அங்கே இருக்கும் அம்மனிடம்தான் பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டிருந்தேன். அந்த அம்மனுக்கு முதல் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். இவள் தலையில் கை வைக்கவே விடமாட்டாள் என்பதால் எட்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

"நேர்த்திய முடிக்காததாலதான் புள்ள இப்புடி இருக்குன்னு ஊரே பேசுது. இன்னும் எத்தினி நாளைக்குத் தள்ளுவ? இப்பத்தான் கொஞ்சம் அமைதியா இருக்காள்ல, முடிச்சுருவோம்" என்றான்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். யாரிடமும் வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்றைக்கு மட்டும் சரி என்றுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கும் ஆசையாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளையும் போல என் பிள்ளையும் மாமன் மடியில் உட்கார வேண்டும், பந்தலில் நாலு பேர் அவளைப் பார்க்க வேண்டும். அவள் கத்தி, கடித்து, கத்திமுனையில் தலையை ஆட்டிவிட்டால்? அந்தப் பயத்தில் யோசித்து யோசித்து, ஒருநாள்தானே என்று மொட்டைக்கு முதல்நாள் சாயங்காலம் முழு மாத்திரை கொடுத்தேன். விடிந்ததும் இன்னொரு முழு மாத்திரை. வீட்டுக்காரருக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குப் போன் போடவில்லை. போட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கோயிலில் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அவள் அசையவில்லை. சவரக்கத்தி உச்சியிலிருந்து இறங்கியது, அசையவில்லை. ஆசாரி இரண்டு காதிலும் குத்தினார். ஒரு சத்தம் இல்லை. "பாருடி, என்னா சமத்து!" என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அவள் காதையே பார்த்தேன். சீப்பு பட்டாலே வீட்டை இரண்டாக்குகிறவள், காதில் ரத்தம் வரும்போது ஏன் "வேணாம்" என்று சொல்லவில்லை?

பொங்கல் பொங்கி, மேளம் அடிக்கத் தொடங்கியபோது அது நடந்தது. அவள் கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது. திரும்பி அப்படியே நின்றது. கண்கள் மேலே செருகின. நாக்கு வெளியே வந்து, வாய் ஒருபக்கமாக இழுத்தது.

"ஆத்தா வந்துட்டாடீ!" என்று என் சித்தி அலறினார்.

அவ்வளவுதான். மேளம் வேகமெடுத்தது. யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். மொட்டைத் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தன் பேரப்பிள்ளைகளை இவளோடு விளையாட விடாத ஒருத்தி காலில் விழுந்து, "தாயே, எம்மவளுக்கு எப்பத்தான் வரன் அமையும், வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்திலேயே தெரியும், அது மாத்திரை என்று. ஆனாலும் நான் என்ன செய்தேன்? கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். சொன்னால் நான் செய்தது வெளியே வந்துவிடும். அதோடு, என் பிள்ளையை யாரும் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். ஒரு நிமிஷம் என்றாலும் அது அதிகம்தான்.

செருகிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் குழறிக் குழறி, "வே... வேணா..." என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். "தள்ளுங்க! சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல, எம்புள்ள வலியில துடிக்கிறா!" சித்தி என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டார். அண்ணனின் காரில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் பார்த்ததும் கேட்டார், "ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"சாயந்தரம் அரை மாத்திரைங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல சார். நேத்து ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு. நாந்தான் குடுத்தேன்."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் டாக்டரம்மா திட்டுவார் என்று தயாராகப் போனேன். "எதுக்கும்மா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மொட்ட போடுறதுக்குங்க."

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, கொஞ்ச நாள் மருந்தில்லாமல் பார்க்கலாம், தேவைப்பட்டால் வேறு மருந்து குறைந்த அளவில் தொடங்கலாம் என்றார். "இனிமே அந்தக் கருமமே வேணாம்" என்றார் வீட்டுக்காரர்.

ஆடி மாதத் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிச் சித்தி போன் செய்தார். "சித்தி, அது ஆத்தா இல்ல, நான் குடுத்த மாத்திர" என்றேன். "அப்புடிச் சொல்லாதடி, வாய் அவிஞ்சிரும்" என்று வைத்துவிட்டார்.

மாத்திரை இல்லாத மூன்றாம் வாரம் மணிக்கட்டு மறுபடி புண்ணானது. நாலாம் வாரம் மெத்தை இல்லாத இடமாகப் பார்த்து, கதவு நிலையில் முட்டிக்கொண்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. முட்டின சத்தத்தை அவரும் கேட்டார். அவளை மார்போடு பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தமாக, "வா, டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்றார்.

வேறு மருந்து. கால் மாத்திரை. முதல்நாள் சாயங்காலம் அதை உள்ளங்கையில் வைத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் மாத்திரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தன் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் கையை மடக்கிக்கொள்ளப் போனேன். அதற்குள், கழுத்தை விடாமலே, அவள் வாயைத் திறந்தாள்.