நான் கழுவிய குறித்தட்டு

அந்தத் தட்டைக் கழுவியவள் நான்தான். ஃபுன்கே அல்ல. இதை ஏழு ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறேன்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பேணுவது என் வேலை. கண்காட்சி ஒன்றுக்காக அடெயெமி என்னும் நைஜீரியர் காலமான தம் தந்தையின் குறித்தட்டை இரவல் தந்தார். வட்டமான மரத்தட்டு. விளிம்பில் பறவைகள், பாம்புகள், உச்சியில் ஒரு முகம். அவருடைய யொரூபா இனக் குறிகாரர்கள் அதில் மரத்தூளைப் பரப்பி, விரலால் கோடிட்டுக் குறி வாசிப்பார்கள். அவர் தந்தை பரப்பிய தூள் செதுக்கல்களின் இடுக்குகளில் மஞ்சளாய் உறைந்திருந்தது. அதைத் தொடவேண்டாம் என்று அடெயெமி தொலைபேசியில் சொல்லியிருந்தார். சம்மதித்தேன்.

தட்டைத் துணியில் சுற்றி, மெட்ரோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர் அவர் மனைவி ஃபுன்கே. தேவாலயமே கதியென்று இருப்பவர். இது வீட்டில் இருப்பது தமக்குப் பிடிக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஏன் தொட்டேன்? அறியாமை என்று சொல்ல ஆசைதான்... அறியாமை அல்ல. விளக்கொளியில் அது அழுக்காகத் தெரிந்தது. அந்த முகத்தின் கண்களை மட்டும் துடைக்கலாமென்று ஈரப்பஞ்சை எடுத்தேன். கண்கள் துலங்கியதும் கன்னம் மங்கலாய்த் தெரிந்தது... பிற்பகல் முடிவதற்குள் தட்டு முழுவதும் பளபளத்தது! எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

திறப்புவிழாவில் அடெயெமி கண்ணாடிப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். தந்தையின் தூள் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் அருங்காட்சியக இயக்குநர். என் வேலை நிரந்தரமாகவிருந்த மாதம் அது.

“வரும்போதே இப்படித்தான் இருந்தது,” என்றேன்.

அடெயெமி திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“நான் தொடவில்லை,” என்றார் ஃபுன்கே. ஒரே தடவைதான் சொன்னார்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். வாய் திறந்திருக்கலாம்... திறக்கவில்லை. மறுநாள், தட்டு வந்தபோது எடுத்திருந்த படங்களையும் அழித்தேன். அதைப் பதற்றத்தில் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? தேநீர் குடித்துக்கொண்டேதான் அழித்தேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். “இப்ப சொல்லி என்ன செய்யப்போறீர்? வேலைதான் போகும். பேந்து பாப்பம்,” என்றார். ஓம் என்றேன். பிறகு என்று அவர் சொன்ன அந்தப் ‘பேந்து’ வரவேயில்லை.

நேற்று மாலை, லொங்குய்ய் போகும் மெட்ரோவுக்காக நின்றபோது ஃபுன்கேயைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் தம்மை ஒருநாளும் திட்டியதில்லையாம். ஆனால் தந்தையைப் பற்றித் தம் முன்னால் பேசுவதை நிறுத்திவிட்டாராம். பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கதைகளைச் சொல்லும்போது இவர் அறைக்குள் வந்தால், பாதியில் நிறுத்திவிடுவாராம்.

பிறகு கேட்டார்: “உண்மையாகவே அது வரும்போதே அப்படித்தான் இருந்ததா?”

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“ஆமாம்,” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “அப்படியென்றால் நான்தான் கழுவியிருக்கவேண்டும். எனக்கு இப்போது பலதும் மறந்துபோகிறது. இன்றைக்கே அவரிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.”

மெட்ரோ வந்தது. அவர் ஏறினார். கதவு மூடும்வரை எனக்கு நேரம் இருந்தது... அழுகை வரவில்லை. அடுத்த வண்டிக்காக நின்றேன்.

இந்நேரம் அவர் சொல்லியிருப்பார். அடெயெமி அவரை மன்னித்திருக்கவும் கூடும்.