சோடா வேண்டாம் என்றேன்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் வலிப்பு வந்து விழுந்தார்.

உதறல் நின்றும் நினைவு திரும்பவில்லை. தொண்டையில் நுரை கரகரத்தது. கடைக்காரர் சோடாவோடு ஓடி வந்தார்.

“வாயில ஊத்தாதீங்கண்ணே, மூச்சு அடைச்சிடும்” என்றேன்.

“சோடா குடுக்காம இன்னா பண்றது? நீ டாக்டரா?”

“முதலுதவி வகுப்புல படிச்சேன்.”

“நீ படிச்சிக்கினே இரு, ஆளு பூடுவான்.”

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நுரை வழிந்தது. மூச்சு சீரானது.

கண் விழித்தவர், போனில் அழைத்த தம்பி வரும்வரை என் கையை விடவில்லை. என் கையை ஒருவர் பிடித்துப் பல மாதங்கள் ஆகின்றன.

அறைக்கு வந்து நானும் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன்.

தனியாக இருப்பவன் விழுந்தால் யார் திருப்பிப் போடுவது என்று வகுப்பில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.