இரண்டாவது வாய்

காபன் தாளுக்கு எண்ணெயும் மையும் கலந்த ஒரு மணம் உண்டு. எங்கள் வல்வெட்டித்துறை வீட்டுக்குள் அந்த மணம் முதன்முதலாக வந்தது, அக்காவின் கலியாணத்துக்கு முந்திய பங்குனியில், பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயா தோல்பையைத் திறந்து சீதன உறுதியை மேசையில் பரப்பியபோதுதான். அவர் தட்டெழுத்தில் அடித்துக்கொண்டு வந்திருந்த தாள்களின் ஓரம் நீலமாகக் கசிந்திருந்தது. கடற்காற்றில் அவை பறக்காமலிருக்க அம்மா பாக்குவெட்டியைத் தூக்கி வைத்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குப் போகும். எழுதிக் கொடுக்கும் தாய், தான் சாகும்வரை அங்கே இருக்கும் உரிமையைத் தனக்கென வைத்துக்கொள்வார். உறுதியில் அதற்குச் ‘சீவிய உரித்து’ என்று பெயர். அந்த ஒரு வசனம் விடுபட்டால், கையெழுத்து வைத்த மறுநாளே அவர் தன் சொந்த வீட்டில் விருந்தாளி. அப்பா இறந்த பின் அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அந்த வீடு மட்டும்தான்.

கையெழுத்துக்கு முன் உறுதியைச் சத்தமாக வாசித்து விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசின் கடமை. ஐயா வாசித்தார், மூக்கால், மூச்சு விடாமல், எல்லைகளும் பரப்பும் முன்னைய உறுதிகளும் ஒன்றோடொன்று இழுபட்டுப் போகும் ஒரு ராகத்தில். சீவிய உரித்தும் அந்த ராகத்தில் வந்து போனது. அறை வாசலில் நின்ற எனக்குக்கூடக் கேட்டது. பேனாவை நீட்டினார்.

அம்மா வாங்கவில்லை. “ஐயா வாசிச்சது சரி. இனி இன்னொரு வாய் வாசிக்கட்டும்” என்றார்.

இது அம்மாவின் வழக்கம். அம்மாவுக்கு எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் தன் காரியத்தைத் தானே வாசிக்கமாட்டார். “எனக்கு வேணும் எண்டதைத்தான் என்ரை கண் வாசிக்கும்” என்பார். எங்கள் ஆட்களிடமும் கொடுக்கமாட்டார். பாசமுள்ளவர்கள் தாளில் இல்லாததையும் சேர்த்து வாசிப்பார்கள் என்பது அவர் கணக்கு. இரண்டாவது வாய் எப்போதும் எதிர்ப்பக்கத்து வாயாக இருக்க வேண்டும். அன்று எதிர்ப்பக்கம் என்றால் மாப்பிள்ளையின் பெரியப்பா. பாய்மரக் கப்பல் ஓட்டிய குடும்பம், பெரிய குரல்.

“என்ன தங்கச்சி, எங்களிலை நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை இருக்கிறபடியால்தானே உங்களிட்டைத் தாறன், அண்ணை.”

சாட்சிக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அறைக்குள்ளிருந்து என்னைக் கிள்ளி, “இந்த மனிசி என்ரை கலியாணத்தைக் குழப்பப் போகுது” என்றாள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டு, இந்தப் பெண்ணின் சந்தேகத்துக்கு ஒரு முடிவு கட்டுவதுபோல, சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தார். சாட்சிகளின் பெயர் வந்தது. முடிந்தது.

“அண்ணை, அந்தச் சீவிய உரித்து வரேல்லையே?”

அவர் விரலை வைத்து மேலே போனார், கீழே வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்லைத்தான் தங்கச்சி. கடதாசியிலை இல்லை.”

நொத்தாரிசு ஐயா தாளைப் பறித்துப் பார்த்தார். தட்டெழுத்தில் ஒரு வசனம் விடுபட்டுப் போயிற்று என்றார். பல வருடமாக ஒரே வசனங்களை வாசித்து வாசித்து, இல்லாததை வாய் தானாகவே சொல்லிவிட்டது என்றார். அப்படி நடக்கக்கூடியதுதான். அன்று பின்னேரமே புதிதாக அடித்துக்கொண்டு வந்தார். அம்மா அதையும் இரண்டு வாயால் வாசிக்க வைத்துத்தான் கையெழுத்திட்டார். அது உண்மையிலேயே பழக்கதோசமா, வேறு யாராவது சொல்லி நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்டபோது, “உதை அறிஞ்சு என்ன செய்யிறது? வீடு நிக்குதெல்லே” என்று தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சட்டம் படிப்பதற்கு முன் நான் கொஞ்சக் காலம் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதினேன். எழுதியதை அச்சுக்குக் கொடுக்க முன், அதில் பெயர் வந்த ஆளின் சட்டத்தரணி எப்படி வாசிப்பார் என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். இப்போதும் என் வரைவுகளை அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் என் அலுவலகத்துக்கு வருபவர்கள் வாசிப்பதில்லை. பெருவிரலால் தாள்களைத் தள்ளிக்கொண்டு போய், எங்கே கையெழுத்து என்று கேட்கிறார்கள். தொலைபேசி ‘சம்மதமா?’ என்று கேட்கும்போதும் அதே விரல்தான். என்னிடம் தொழில் பழகும் கனிட்ட சட்டத்தரணி கொண்டுவரும் வரைவுகள் இயந்திரம் எழுதியவை. பிழையே இல்லாத தமிழ். பிழை இல்லாத இடத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

போன மாதம் கனடாவிலிருந்து அக்கா ஒரு வரைவு அனுப்பினாள். வீட்டை விற்க வேண்டும்; அதற்கு அம்மா தன் சீவிய உரித்தைக் கைவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு அம்மா யாழ்ப்பாணத்தில் என்னோடு இருப்பார். கனிட்டரையும் கூட்டிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, காது கூர்மை.

“சரி. இனி வேறை ஆரையேன் கூப்பிடு.”

“நான் சட்டத்தரணி அம்மா.”

“நீ அவளின்ரை தங்கச்சியும்தானே.”

கனிட்டர் தன் தொலைபேசியை எடுத்து, வரைவைப் படம் பிடித்து, அதையே வாசிக்க வைத்தார். தெளிவான பெண்குரல். அம்மா தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார்.

“உது ஆரின்ரை ஆள்?”

“ஒருத்தற்றையும் இல்லை அம்மா. வேணுமெண்டால் எதிர்ப்பக்கமாய் நிண்டு வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கும்.”

“சொன்னவுடனை எதிரியாகிறது என்ன எதிரி, தம்பி?” என்று சிரித்தார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “மேற்கு வீட்டுத் தவராசாவைக் கூப்பிடு” என்றார்.

வேலியைக் கைமுழ அளவு தள்ளிப் போட்டார் என்று அம்மா வழக்குப் பேசிய மனிதர் அவர். அதற்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை. போய்ப் பார்த்தேன். கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில். படலை இருந்த இடத்தில் இரும்புக் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு. மகனோடு லண்டனுக்குப் போய்விட்டார் என்று தெருவில் நின்ற ஓட்டோக்காரர் சொன்னார். ஒழுங்கையில் வீடு வீடாகப் பார்த்தேன். அம்மாவோடு பகைக்கக்கூட இப்போது அங்கே யாரும் இல்லை.

வரைவு மேசையில் பாக்குவெட்டிக்குக் கீழே கிடக்கிறது. நேற்றும் அக்கா அழைத்து, “அம்மா கையெழுத்து வைச்சிட்டாவோ?” என்று கேட்டாள்.

“இன்னும் வாசிச்சு முடியேல்லை” என்றேன்.

ஒரு வரைவை வாசிக்க இத்தனை நாளா என்று அக்கா நம்பவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.