ஒரு விரல் பெஞ்சு

"கையை நீட்டும்வே" என்பார் ஞானையன். வந்தவருடைய பெயர், ஊர், யார் சொல்லி வந்தார் என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவை உருவி, நீட்டிய இடது கையின் மோதிர விரலை அடியிலிருந்து நுனி வரை அளப்பார். அளவை வெட்டு மேஜையின் ஓரத்தில் சாக்கட்டியால் எழுதுவார். பிறகு சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் வாத்தியங்களை ஒரு நோட்டம் விட்டு, அந்த விரலுக்கு ஏற்ற கழுத்துள்ள ஒன்றை இறக்கிக் கொடுப்பார். நர்ஸ் எலிசாள் முதலில் வந்தது ரவிக்கை தைக்கத்தான். நாடாவை அவள் கையிலேயே கொடுத்து விரலை அளந்து சொல்லச் சொன்னார். "விரலுக்குமா மேஸ்திரி துணி தைக்கிய?" என்று சிரித்தாள் அவள். ரவிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை. அவள் மட்டும் அந்தச் சனிக்கிழமையே யுகுலேலே கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

திருவனந்தபுரம் பாளையம் சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது அவருடைய 'பினாங்கு டெயிலர்' கடை. போர்டில் கோட்டு, சூட்டு, சட்டை என்று எழுதியிருக்கிறதே தவிர, வாத்தியத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. யுகுலேலே என்பது கித்தாரின் கைக்குழந்தை. நாலே நாலு நரம்பு. மார்போடு அணைத்துக்கொண்டு மீட்ட வேண்டும். சந்தைக்காரர்கள் அதற்கு 'டெயிலர் வீணை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞானையன் பினாங்கிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தவை மூன்று. மற்ற ஒன்பதும் தங்கப்பன் ஆசாரி செய்தவை. பெரிய தேங்காய்ச் சிரட்டைதான் உடம்பு, பலாமரம் கழுத்து. நரம்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். டென்னிஸ் ஆடும் துரைமார் அறுந்துபோன மட்டையைத் தூக்கிப் போடுகிறார்களே, அதிலிருந்து உருவியதுதான். கிளப்பில் பந்தும் மட்டையும் பார்த்துக்கொள்ளும் மார்க்கருக்குச் சட்டை தைப்பவர் ஞானையன் அல்லவா!

கூட்டத்தில் அவரையும் சேர்த்துப் பதினொரு பேர். வாத்தியம் பன்னிரண்டு. ஒன்று எப்போதும் ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அது யாருக்கு என்று கேட்டால், "வரப்போறவருக்கு" என்பார். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டால் தங்கப்பன் உடனே இன்னொரு சிரட்டையை உடைக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி அடித்ததும் தையல் மிஷினின் தோல்வாரைக் கழற்றிவிடுவார். அப்புறம் ஊசி ஓடாது. மிதிபலகை மட்டும் 'கடக், கடக்' என்று ஆடும். அதுதான் தாளம். கடையில் மூன்று பெஞ்சுகள்: ஒரு விரல் பெஞ்சு, இரண்டு விரல் பெஞ்சு, மூன்று விரல் பெஞ்சு. கூட்டத்துக்குத் தெரிந்த கீர்த்தனையோ நாடகப் பாட்டோ படகுக்காரன் பாட்டோ, எல்லாமே மூன்று பிடியில் அடங்கிவிடும். முதல் பிடிக்கு நரம்பின்மேல் ஒரு விரல் வைத்தால் போதும். அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. ஞானையன் "ஒண்ணு!" என்று கத்துகிற இடத்தில் மட்டும் ஒரு விரல் பெஞ்சுக்கு வேலை. "ரெண்டு!", "மூணு!" என்று பாட்டு ஊர் சுற்றப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் எங்கே சுற்றினாலும் பாட்டு கடைசியில் ஒண்ணில்தான் வந்து நிற்கும்.

வார நாட்களில் "வாங்க சாமி" என்று கும்பிடு போட்டு அளவெடுக்கிற சர்க்கார் ஹஜூர் ஆபீஸ் குமாஸ்தா வெங்கடேஸ்வரனை, சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் "ஏ மூணு விரலு, முந்தாதயும்!" என்று அதட்டுவார். வெங்கடேஸ்வரன் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிடில் கேட்டு வளர்ந்தவர். விரல்கள் தாமாகவே ஓடும். அதட்டு வாங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு குறுஞ்சிரிப்புச் சிரிப்பார்.

அதே ஆபீசில் பியூன் நெல்லையப்பன். இரண்டு வருஷமாக ஒரு விரல் பெஞ்சை விட்டு எழுந்தவரில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பெஞ்சு மாறிவிட்டார்கள். "எனக்கு இது போதும் மேஸ்திரி. நீங்க எல்லாரும் எங்கயாம் சுத்திட்டு வாங்க. முடிக்கது நானில்லா!" என்பார். வாயைச் சற்றே திறந்தபடி 'ஒண்ணு'க்காக அவர் காத்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! அத்தனை காத்திருந்தும், அது வரும்போது அரைத் தாளம் பிந்திவிடுவார். ஞானையன் மிதிபலகையைப் பைய நிறுத்துவார். மற்ற பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். 'டிங்' என்று நெல்லையப்பன் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த பாட்டு. யாராவது முகம் சுளித்தால் போச்சு. "பிந்துனவனை ரோட்டுல விட்டுட்டுப் போறதுக்கு இது என்ன மோட்டார் பஸ்ஸாவே?" என்று பிடித்துக்கொள்வார்.

சுருதிக்கு அவரிடம் ஒரு மூடி இருக்கிறது. அடி ஓட்டையாகிப்போன பழைய பித்தளை இஸ்திரிப் பெட்டியின் மூடி. அதை ஆணியில் தொங்கவிட்டுக் கத்தரிக்கோலால் ஒரு தட்டு. ணங்! "ஆங், எல்லாரும் இதுக்கு வாங்க." முதன்முதலில் சிரட்டை வாத்தியத்தைப் பினாங்கு வாத்தியத்தின் சுருதிக்கு முறுக்கினபோது நரம்பு அறுந்து தங்கப்பனின் நெற்றியைக் கீறிவிட்டது. இன்னொன்றில் நரம்பைத் தாங்கும் குதிரையே பெயர்ந்து வந்தது. "இது தாங்கூல்ல மேஸ்திரி, கொறச்சு இறக்கிப் பிடிக்கணும்" என்றார் தங்கப்பன். சிரட்டை தாங்குமட்டும் இறக்கிப் பார்த்ததில், அது இந்த மூடியின் ஓசையோடு அச்சாகப் பொருந்தியது. பினாங்கு வாத்தியங்கள் மூன்றையும் அதற்கே இறக்கிவிட்டார். கூட்டத்தில் வேறு வாத்தியம் கிடையாது. ஒத்துப் பார்க்க ஆளும் இல்லை. மூன்று வருஷத்தில் அப்படி இறக்கியதே அவருக்கு மறந்துபோயிற்று.

பினாங்கில் பன்னிரண்டு வருஷம் கோட்டுக் கடையில் ஊசி பிடித்தவர். அங்கே ஒரு சங்கத்தில் சாயங்காலங்களில் இந்த வாத்தியம் வாசிப்பார்கள். ஞானையன் பின்வரிசையில் உட்கார்ந்து மூன்று பிடியும் கற்றுக்கொண்டார். விழாவுக்கு எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்ததும் அவரே. தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். விழா நாளன்று, மேடைப் படியில் வைத்து, "நீ இன்னும் தேறவில்லை, கீழே இருந்து எங்கள் தொப்பிகளைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். "ஒம்பது தொப்பி. மடியில வச்சுக்கிட்டு ரெண்டு மணிக்கூர் இருந்தேன் தாயீ" என்று எலிசாளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் இது தெரியாது. ஊருக்குக் கப்பலேறும்போது மூன்று வாத்தியம் வாங்கியது அந்த ரோசத்தில்தான். மேடை மட்டும் அவருக்கு அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் அதுவும் வாய்த்தது. கரமனையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. அதன் செக்ரட்டரி அனந்தபத்மநாபன், வெங்கடேஸ்வரனுக்குச் சிநேகிதர், ஆர்மோனியம் வாசிப்பவர். டெயிலர் வீணைக் கூட்டம் வாசிக்க, தாம் கூட வாசிப்பதாக நோட்டீஸே அச்சடித்துவிட்டார். ஞானையனுக்கு அந்த வாரம் முழுக்க ஊசியில் நூல் ஏறவில்லை. அந்தப் பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து மூன்று தரம் இஸ்திரி போட்டார். பினாங்கு தொப்பியைத் தூசி தட்டினார். பதினொரு வாத்தியத்தைக் கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு, ஆணியில் கிடந்த பன்னிரண்டாவதையும் எடுத்துப் பையில் போட்டார். "அது எதுக்கு மேஸ்திரி? வாசிக்க ஆளில்லையே" என்றார் வெங்கடேஸ்வரன். "கெடக்கட்டும் சாமி" என்றார் ஞானையன்.

வாசகசாலை நிரம்பிவிட்டது. நெல்லையப்பனின் மனைவி வாலாம்பாள் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் எங்கே போகிறான் என்று அன்றைக்குத்தான் பார்க்கப் போகிறாள். மேடையின் பக்கத்தறையில் ஞானையன் மூடியைத் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். பதினொருவரும் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். அனந்தபத்மநாபன் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். முகம் மாறியது. அடுத்த கட்டையை அழுத்தினார்.

"என்ன ஓய் இது? இங்கேயும் சேரமாட்டேங்கறது, அங்கேயும் சேரமாட்டேங்கறது. ரெண்டு கட்டைக்கும் நடுவிலேன்னா நிக்கறது! எதை வெச்சு சுருதி சேர்த்தேள்?"

ஞானையன் மூடியைக் காட்டினார்.

"இஸ்திரிப் பொட்டியா!" அனந்தபத்மநாபன் வாய்விட்டுச் சிரித்தார். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஞானையனுக்குக் காது மடல் சுட்டது. சிரட்டையும் நரம்பும் தங்கப்பன் நெற்றியும் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தான் ஒருவன் செய்த தப்புக்கு இத்தனை பேரும் தலைகுனிந்து நிற்கிறார்களே என்று நொந்துபோனார்.

அனந்தபத்மநாபன் கெட்டவரல்ல. ஏற்றினால் சிரட்டை தாங்காது என்று கேட்டதும் சட்டென்று ஒரு வழி சொன்னார். "பினாங்கு வாத்யம் மூணையும் ஆர்மோனியத்துக்கு ஏத்திக்கலாமே. அதை வெச்சுண்டிருக்கற நீங்க, வெங்கடேஸ்வரன், நர்சம்மா, மூணு பேர் மேலே வந்துடுங்கோ. சிரட்டையெல்லாம் கீழே இருக்கட்டும். ஜனம் காத்துண்டிருக்கு பாருங்கோ."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு மேஸ்திரி. மூணு பேராவது..." என்று இழுத்தார் வெங்கடேஸ்வரன். எலிசாள் ஞானையனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய கை தன் வாத்தியத்தின் நரம்பை முறுக்கும் முளையைப் பிடித்தது. ஒரு முறுக்கு முறுக்கியும்விட்டது. ஆசை யாரைத்தான் விட்டது? கதவுக்கு அந்தப் பக்கம் மேடை, விளக்கு, ஜனங்கள்.

"அதுக்கென்ன மேஸ்திரி, நீங்க மேல போங்க" என்றார் நெல்லையப்பன். குரலில் குறையொன்றும் இல்லை. வாலாம்பாள் இருந்த முன்வரிசைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "அந்தத் தொப்பிய இங்ஙன தாங்க. நான் கீழ இருந்து மடியில வச்சுக்கிடுதேன்." கையை நீட்டினார்.

ஞானையன் நீட்டிய அந்தக் கையைப் பார்த்தார். எலிசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முளையை வந்த வழியே திருப்பினார். நரம்பு மறுபடி மூடியின் சுருதிக்கு இறங்கியது.

"செக்ரட்டரி சார், பெட்டியை மூடிருவோம்."

"எந்தப் பொட்டியை?"

"உங்க ஆர்மோனியத்தத்தான். இந்தச் சுருதி ஊர்ல எதோடயும் சேராது, சரிதான். எங்க பதினோரு பேருக்கும் சேரும். வாசிச்சா பதினோரு பேரும் வாசிப்போம். வேண்டாம்னா வண்டியக் கட்டிருதோம். ஒருத்தரும் தொப்பி பிடிக்க வரல்ல." வெங்கடேஸ்வரன் தன் சிநேகிதருடைய ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கிக் கொக்கியைப் போட்டு, பலகையைச் சாத்தினார்.

வெளியே ஜனங்கள் கை தட்டிக் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லை, அனந்தபத்மநாபன் தலையை ஆட்டினார். தங்கப்பன் வாசகசாலை பெஞ்சுகள் மூன்றைத் தூக்கி மேடையில் போட்டார். மூன்று விரல், இரண்டு விரல், எல்லாருக்கும் முன்னால் ஒரு விரல். நெல்லையப்பன் உட்கார்ந்ததைத் திரை இடுக்கில் பார்த்துவிட்டு முன்வரிசையில் வாலாம்பாள் பக்கத்துப் பெண்ணின் தொடையை இடித்துக் காட்டினாள்.

திரையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. அனந்தபத்மநாபன் பக்கத்தறை வாசலில், மூடிய ஆர்மோனியத்தின் பக்கத்தில் ஜரிகை வேஷ்டியும் சந்தனமுமாக நின்றுகொண்டிருந்தார். "நோட்டீஸ்லே என் பேரும் போட்டிருக்கே மேஸ்திரி" என்றார் மெதுவாக. "மூணு மாசமா இந்த ஒரு நாளுக்காக ஆக்கும் காத்துண்டிருந்தேன். நான் எங்கே உட்கார்றது?"

சிரித்த மனுஷன்தானே, நிற்கட்டும் என்று விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஞானையன் பையிலிருந்து பன்னிரண்டாவது வாத்தியத்தை எடுத்து நெல்லையப்பனின் மடியில் வைத்தார். நெல்லையப்பன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். ஞானையன் கழுத்திலிருந்த நாடாவை உருவினார்.

"கையை நீட்டுங்க சார். இடது கை."

மோதிர விரலை அடியிலிருந்து நுனி வரை அளந்தார். எழுத வெட்டு மேஜை இல்லை. கோட்டுப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, மூடிக் கிடந்த ஆர்மோனியத்தின் பலகையில் எழுதினார்: இரண்டே முக்கால்.